ஊர் ஏரிக்கும் வரத்துக் கால்வாய்க்கும் கணினி வரைபடத்தில் திட்டம் போடுவது எப்படி? வேலூர் பகுதிக்கான வழிகாட்டி

வேலூர் மாவட்டத்தில் ஏரி தூர்வாருவது, கால்வாய் மீட்பது என்று எந்தப் பேச்சு எழுந்தாலும் இப்போது உடனே ஒருவர் போனை எடுத்து சாட்டிலைட் படத்தைக் காட்டுகிறார். நல்லதுதான். ஆனால் அந்தப் படத்தை மட்டும் நம்பி மனு எழுதினால் ஒவ்வொரு மேசையாக அலைய வேண்டிவரும். அதை மட்டும் நம்பி ஜேசிபி இறக்கினால், தண்ணீர் ஏறாத கால்வாயை வெட்டிவிட்டு நிற்க வேண்டிவரும். எங்கள் ஊர் ஏரிக்காக நண்பர்களோடு இந்த வேலையில் இறங்கியபோது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சொல்லித்தர யாரும் இல்லை. அடுத்து வருகிறவர்கள் அந்தப் பாடு படக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வழியில் எத்தனை சர்வே எண்கள் இருக்கின்றன, எந்த இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதற்கெல்லாம் வரைபட மென்பொருள் அருமையான துணை. மட்டத்தையும் எல்லையையும் மட்டும் அது தீர்மானிக்காது. மட்டத்துக்குக் கருவி வேண்டும், எல்லைக்கு சர்வேயர் வேண்டும். கீழே சொல்கிற எல்லாப் படிகளும் இதை ஒட்டித்தான் வருகின்றன.

1. ஏரி யார் பொறுப்பில் இருக்கிறது என்று பாருங்கள்

கணினியைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டியது இது. ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீரில் பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேர் (சுமார் 100 ஏக்கர்) அல்லது அதற்கு மேல் இருந்தால் அது நீர்வளத்துறை ஏரி. பழக்கத்தில் இன்னும் பொதுப்பணித்துறை ஏரி என்றுதான் சொல்கிறோம். அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றிய ஏரி. மாநகராட்சி எல்லைக்குள் இருந்தால் அங்கேயும் விசாரிக்க வேண்டும். இது தெரியாமல் போட்ட மனு, "எங்களுக்குச் சம்பந்தம் இல்லை" என்ற ஒரு வரிப் பதிலோடு திரும்பி வரும்.

இன்னொன்று, 2019இல் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாவட்ட எல்லைக் கோப்புகளில் பல இன்னும் பழைய எல்லையையே காட்டுகின்றன. கே.வி.குப்பம் தனி வட்டமானதும் அவற்றில் இருக்காது. உங்கள் ஏரி ஒரு மாவட்டத்திலும் கால்வாயின் தலைப்பு (தண்ணீர் கால்வாய்க்குள் நுழையும் இடம்) இன்னொரு மாவட்டத்திலும் இருந்தால் இரண்டு ஆட்சியர் அலுவலகங்களுக்கும் மனு போக வேண்டும். எல்லைக் கோப்பு எந்த ஆண்டினது என்று பார்க்காமல் பயன்படுத்தாதீர்கள்.

2. ஆவணங்களைச் சேர்ப்பது

நேரம் அதிகம் பிடிப்பது இதுதான். இதைச் சரியாக முடித்துவிட்டால் மற்ற வேலைகள் சுலபம்.

தமிழக அரசின் இ-சர்வீசஸ் நில ஆவணத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் அ-பதிவேடு (கிராமத்தின் நிலப் பதிவேடு) விவரமும் புலப்படமும் (அந்தப் புலத்தின் அளவுப் படம்) பார்க்கலாம். கட்டணம் கிடையாது, போனுக்கு ஓடிபி வரும். புலப்படத்தை எல்லோரும் எஃப்எம்பி என்றுதான் சொல்கிறார்கள். அரசு புறம்போக்கு நிலமா என்று பார்க்க அதே தளத்தில் தனிப் பகுதி இருக்கிறது. ஏரி, கரை, வரத்துக் கால்வாய், கலங்கலிலிருந்து (ஏரி நிரம்பினால் தண்ணீர் வழியும் இடம்) போகும் ஓடை ஆகியவற்றின் புல எண்களை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் அவற்றின் இரண்டு பக்கமும் இருக்கும் எண்களை எடுங்கள். டிஎன்ஜிஐஎஸ் என்ற தமிழக அரசின் வரைபடத் தளத்தில் இடத்தைத் தொட்டாலே புல எண் தெரியும் என்பதால் தேடும் நேரம் பாதியாகக் குறையும்.

அ-பதிவேட்டில் நீங்கள் பார்க்க வேண்டியது வகைப்பாடு: ஏரி, ஓடை, வாய்க்கால், தரிசு என்று எழுதியிருக்கும். பெரியவர்கள் "இங்கே கால்வாய் ஓடியது" என்று அடித்துச் சொல்லும் இடம் பதிவேட்டில் வேறு வகைப்பாட்டில் இருந்தால் சோர்ந்துவிட வேண்டாம். இப்போதைய கணக்கு யுடிஆர், அதாவது நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது எழுதிய கணக்கு. அதற்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டின் (எஸ்எல்ஆர்) நகலையும் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள். பழைய பத்திரங்களில் இருக்கும் சர்வே எண்ணும் இன்றைய எண்ணும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீர்வளத்துறை ஏரி என்றால் அதற்கு 'மெமாயர்' என்ற விவரக் குறிப்பு இருக்கும். கொள்ளளவு, கரையின் நீளம், கலங்கல் மட்டம், ஒவ்வொரு மதகின் அடிமட்டம், ஆயக்கட்டு எல்லாம் அதில் இருக்கும். எந்த சாட்டிலைட்டும் தராத எண்கள் இவை. நேரில் கேட்டுக் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தபாலில் அனுப்பினால் போதும். சாதாரண அளவுத் தாளுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய், பெரிய வரைபடத்துக்கு நகலெடுக்கும் செலவு. 30 நாளில் பதில் தர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம். "எல்லா ஆவணங்களையும் தருக" என்று எழுதாதீர்கள். ஏரியின் பெயர், கிராமம், புல எண், வேண்டிய ஆவணத்தின் பெயர் என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

கடைசியாக, இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடம். பழைய எண் வரிசையில் வேலூர் நகரம் 57 P/1 தாளில் வரும். இப்போதைய வரிசைத் தாள்களைத் துறையின் இணையதளத்தில் பதிவுசெய்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இதில் ஓடைகள், ஏரித் தொடர்கள், காடு எல்லாம் நன்றாகத் தெரியும். காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இது அவசியம் வேண்டும். தமிழக அரசின் தளங்கள் மாநில எல்லையோடு நின்றுவிடும், ஆனால் அந்தப் பக்கத்துப் பல ஓடைகளுக்குத் தண்ணீர் சித்தூர் பக்கத்து மலைகளிலிருந்துதான் வருகிறது. எல்லைக்கு அப்பால் வெறுமையாகத் தெரிவதைப் பார்த்து நீர்ப்பிடிப்பே அவ்வளவுதான் என்று கணக்குப் போட்டுவிட வேண்டாம்.

3. மென்பொருள்

பணம் கொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை. கூகுள் எர்த் ப்ரோ இலவசம். வரைபடம் போடும் கியூஜிஐஎஸ் (QGIS) இலவசம் மட்டுமல்ல, திறந்த மூல மென்பொருளும்கூட. அதில் நீண்டகாலப் பதிப்பு (Long Term) என்று இருப்பதை இறக்குங்கள். கோப்பு ஒரு ஜிபிக்கு மேல் வரும், எனவே நல்ல இணைப்பு இருக்கும் இடத்தில் இறக்குவது நல்லது. 8 ஜிபி ராம் உள்ள சாதாரண மடிக்கணினி போதும். களத்தில் இடங்களைக் குறிக்க, போனுக்கு கியூஃபீல்ட் (QField) செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். வண்ணப் படம் ஒன்றைப் போட்டுத் தந்துவிட்டு பெரிய தொகை கேட்ட நிறுவனம் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். அதிலிருந்தது இலவசமாகக் கிடைக்கும் சாட்டிலைட் படமும் நாலு கோடுகளும்தான்.

கியூஜிஐஎஸ்ஸில் திட்டத்தைத் தொடங்கியதும் ஆயமுறையை, அதாவது இடங்களை எண்களால் குறிக்கும் முறையை (CRS), இபிஎஸ்ஜி (EPSG) 32644 என்று வையுங்கள். அது, உலகைப் பட்டைகளாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யுடிஎம் முறையின் 44 வடக்கு மண்டலம், வேலூர் மாவட்டம் முழுவதும் அதில்தான் வருகிறது. கூகுள் எர்த்திலிருந்து வரும் கேஎம்எல் கோப்பு டிகிரியில் இருக்கும். அதை மாற்றாமல் பரப்பைக் கணக்கிட்டால் ஒன்றுக்கும் உதவாத எண் வரும். மாற்றிய பிறகு வருவது சதுர மீட்டர். 10,000ஆல் வகுத்தால் ஹெக்டேர். அ-பதிவேட்டில் இருக்கும் பரப்போடு ஒப்பிட்டு, பெரிய வித்தியாசம் இருந்தால் அங்கேயே நின்று காரணம் தேடுங்கள்.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஷேப்ஃபைல் என்ற கோப்பு வடிவத்தில் அட்டவணை நெடுவரிசையின் தலைப்பைத் தமிழில் வைத்தால் மூன்று நான்கு எழுத்தோடு வெட்டிவிடும், எனவே ஜியோபேக்கேஜ் வடிவத்தில் சேமியுங்கள். எக்செல்லிலிருந்து எடுக்கும் பட்டியலை யுடிஎஃப்-8 ஆகச் சேமித்தால்தான் தமிழ் பெட்டி பெட்டியாகத் தெரியாது. அச்சுக்கு பிடிஎஃப் எடுக்கும்போது எழுத்துகளைக் கோட்டுருவமாக மாற்றும் தேர்வை வைத்தால் கொம்பும் காலும் இடம் மாறாது.

4. புலப்படத்தை வரைபடத்தில் பொருத்துவது

எஃப்எம்பியில் அட்சரேகை தீர்க்கரேகை கிடையாது. அது அளவுகளோடு வரைந்த ஒரு உருவம், அவ்வளவுதான். அதை சாட்டிலைட் படத்தின் மேல் உட்காரவைப்பது உங்கள் வேலை. கியூஜிஐஎஸ்ஸில் ஜியோரெஃபரன்சர் என்ற கருவி இதற்காகவே இருக்கிறது.

முதலில், தாளிலிருந்து ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். பிடிஎஃப்பை பிரிண்ட் எடுக்கும்போது பக்கத்துக்குப் பொருந்தும்படி சுருக்கிவிடும், தாளில் போட்டிருக்கும் அளவுவிகிதம் அதோடு பொய்யாகிவிடும். கோடுகளின் மேல் எழுதியிருக்கும் எண்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய நகல்களில் அளவு லிங்க்கில் இருக்கலாம். 100 லிங்க் 20.12 மீட்டர்.

அடுத்து, பொருத்தும் புள்ளிகள். மூன்று புலங்கள் சந்திக்கும் இடத்தில் இருக்கும் முச்சந்திக் கல், கிணற்றின் மூலை, மதகு, பழைய கோயில் மதில் போல நகராதவற்றை எடுங்கள். வரப்பை எடுக்காதீர்கள், வரப்பு வருடா வருடம் நகரும். நாலு புள்ளிகளுக்குக் குறையாமல், படத்தின் நாலு பக்கமும் பரவலாக இருக்கட்டும். மாற்று முறையில் ஹெல்மர்ட்டைத் தேர்ந்தெடுங்கள். அது படத்தைச் சுழற்றும், நகர்த்தும், அளவைக் கூட்டிக் குறைக்கும், ஆனால் உருவத்தைக் கெடுக்காது. பாலினோமியல் முறையில் புள்ளிகள் அழகாக உட்கார்ந்துவிடும், புலத்தின் வடிவம் கோணிப்போயிருக்கும். அளந்து வரைந்த படத்தை ரப்பர் மாதிரி இழுக்கும் உரிமை நமக்கு இல்லை.

பொருத்திய பிறகும் சில மீட்டர் விலகல் இருக்கும். சாட்டிலைட் படமே இடம் பெயர்ந்திருக்கலாம். வேறு வேறு ஆண்டின் படங்களை மாற்றி மாற்றிப் பாருங்கள், ஒரே கிணறு கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்து தெரியும்.

5. சாட்டிலைட் படத்தை எந்த மாதத்தில் பார்ப்பது

கூகுள் எர்த் ப்ரோவில் பழைய படங்களைப் பார்க்கும் கடிகாரக் குறி இருக்கிறது. அதில் இரண்டு பருவங்களைத் தேடுங்கள். ஏப்ரல், மே படத்தில் பயிர் குறைவு என்பதால் கால்வாயின் தடம் தெளிவாகத் தெரியும். அந்த வெயிலிலும் ஏரிக்குள் பச்சையாகத் தெரிவது பெரும்பாலும் சீமைக்கருவேலம், எனவே எவ்வளவு பரப்பில் வெட்ட வேண்டும் என்று அங்கேயே வரைந்துகொள்ளலாம். டிசம்பர், ஜனவரி படத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்று தெரியும்.

தண்ணீர் பரப்பை மட்டும் வருடவாரியாகப் பார்க்க சென்டினல்-2 படங்கள் நல்லவை. 10 மீட்டர் நுணுக்கம், ஐந்து நாளுக்கு ஒரு முறை, கோப்பர்நிகஸ் தளத்தில் இலவசம். 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்ததே, அதற்குப் பிறகு மேகம் விலகிய நாளில் எடுத்த படத்தைத் தேடிப் பாருங்கள். அந்த வருடமே உங்கள் ஏரி நிரம்பவில்லை என்றால் குறை மழையில் இல்லை, வரத்தில்தான். மனுவில் இதைவிட வலுவான சான்று வேறு கிடையாது.

6. நடந்து பாருங்கள்

கலங்கலிலிருந்து தொடங்கி கால்வாயின் தலைப்பு வரை நடக்க வேண்டும். போனில் கியூஃபீல்டைத் திறந்து, அடைப்பு, சிறுபாலம், மண் திட்டு, குழாய் போட்டு மூடிய இடம் என்று ஒவ்வொன்றையும் போட்டோவோடு குறியுங்கள். சிறுபாலம் மேலிருந்து எடுத்த எந்தப் படத்திலும் தெரியாது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலைக்கோ ரயில் பாதைக்கோ அடியில் வரும் கால்வாய்கள் பல இடங்களில் அங்கேதான் அடைபட்டிருக்கின்றன. அந்த ஒரு இடத்தைச் சரிசெய்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

போன் ஜிபிஎஸ் திறந்தவெளியில் 3 முதல் 5 மீட்டர் வரை தவறும், புளியமரத்தடியில் இன்னும் மோசம். உங்கள் கால்வாயின் அகலமே அவ்வளவுதான் இருக்கும். அதனால் புள்ளி கால்வாய்க்கு வெளியே விழுந்தால் கால்வாய் அங்கே இல்லை என்று நினைக்க வேண்டாம்.

கூட வரும் பெரியவரிடம் வரைபடத்தைக் காட்டிக் கேட்காதீர்கள். "தாத்தா, தண்ணி எந்தப் பக்கமா வரும்? கோடி போனா எங்க போகும்?" என்று கேட்டுக்கொண்டே நடங்கள். அவர் கை காட்டும் இடத்தைக் குறித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து படத்தோடு ஒப்பிடுங்கள்.

ட்ரோன் யோசனை இருந்தால், எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் டிஜிட்டல் ஸ்கை என்ற அரசுத் தளத்தில் உங்கள் இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று பாருங்கள். அப்துல்லாபுரம் விமான நிலையம் பக்கத்தில் இருப்பதை மறக்க வேண்டாம்.

7. மட்டம்: இங்கேதான் பெரும்பாலான திட்டங்கள் கெட்டுப்போகின்றன

கணினியில் உயரத் தரவை இறக்கி, ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு மீட்டர் இடைவெளியில் சமஉயரக் கோடுகள் வந்துவிடும். பார்க்க அழகாக இருக்கும். அதை நம்பி கால்வாய் போடாதீர்கள்.

இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவுகளில் பெரும்பாலானவை 30 மீட்டர் கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு ஒரே எண். அந்த எண்ணிலும் பல மீட்டர் பிழை இருக்கலாம். நம் வரத்துக் கால்வாய்களோ சமவெளியில் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கினாலே பெரிது. அளவுகோலின் பிழை அளக்கும் பொருளைவிடப் பெரிதாக இருக்கும்போது அந்தக் கோடுகளுக்கு என்ன மதிப்பு?

அதோடு, பலரும் பயன்படுத்தும் எஸ்ஆர்டிஎம் (SRTM) என்ற உயரத் தரவு 2000 பிப்ரவரியில் எடுத்தது. அதற்குப் பிறகு உயர்த்திய சாலை, தோண்டிய கல்குவாரி, போட்ட மனைப்பிரிவு எதுவும் அதில் இல்லை. மேலும் அது தரையை மட்டும் அளந்ததில்லை, மரத்தின் தலையும் கணக்கில் சேர்ந்திருக்கும். கருவேலங்காடு மண்டிய ஏரி அதில் மேடாகத் தெரிந்தால் ஆச்சரியமில்லை. நில அளவைத் துறைத் தாளில் சமஉயரக் கோட்டின் இடைவெளி 20 மீட்டர், அதுவும் இந்த வேலைக்கு ஆகாது. உயரத் தரவு உதவுவது ஒன்றுக்குத்தான்: மலையடிவாரத்தில் எந்தச் சரிவின் தண்ணீர் எந்த ஓடைக்கு வருகிறது என்று நீர்ப்பிடிப்பைப் பிரிக்க. அதற்கு மிக நன்றாகவே உதவும்.

வாட்டம் பார்க்க இரண்டு வழிகள். கையில் பணம் இல்லையென்றால் கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய குழாய். குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டால் குறுகிய தூரத்துக்குத் துல்லியமாக இருக்கும். நீளமான கால்வாய்க்கு ஆட்டோ லெவலோடு (முக்காலியில் வைத்து மட்டம் பார்க்கும் கருவி) ஆளைக் கூப்பிடுங்கள். வேலூரில் கட்டட வேலைக்கு இவர்கள் கிடைப்பார்கள். புள்ளிக்கு இவ்வளவு என்று பேசாமல் நாள் கணக்கில் பேசுங்கள், ஸ்டாஃப் என்ற அளவுக் கம்பைப் பிடிக்க உங்கள் ஆளை நிறுத்துங்கள், செலவு குறையும். புதரை முந்தின நாளே வெட்டி வைத்துவிட்டால் கருவிக்காரரின் நேரம் வீணாகாது.

கலங்கலின் உச்சியை 100.00 என்று வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து அளக்கச் சொல்லுங்கள்: மதகின் அடி, கால்வாய் ஏரியில் சேரும் இடம், 50 மீட்டருக்கு ஒரு முறை கால்வாயின் தரை, ஒவ்வொரு சிறுபாலத்தின் அடி, தலைப்பு. வழியில் எங்கேயாவது தரை மேலேறியிருந்தால் அதுதான் வெட்ட வேண்டிய இடம். தலைப்பில் வந்து சேரும் தண்ணீரின் மட்டமே 100க்குக் கீழே இருந்தால் எவ்வளவு தூர்வாரினாலும் ஏரி கலங்கல் வரை நிரம்பாது. இந்த எண்களை கியூஜிஐஎஸ்ஸில் ஏற்றி கால்வாயின் நீளவாக்கில் தரை ஏறி இறங்குவதைக் காட்டும் ஒரு நீளவெட்டுப் படம் போடுங்கள். பொறியாளர் முதலில் கேட்பது அதைத்தான்.

8. எல்லை: பகையை வாங்கிக்கொள்ளாதீர்கள்

புலப்படத்தை சாட்டிலைட் படத்தின் மேல் வைத்ததும், இன்னாருடைய நிலம் கால்வாய்க்குள் வந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். தயவுசெய்து அதை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அந்த மூன்று மீட்டர் உண்மையான ஆக்கிரமிப்பாக இருக்கலாம், நீங்கள் பொருத்தியதில் வந்த விலகலாகவும் இருக்கலாம். படம் பரவிய பிறகு திருத்த முடியாது, பங்காளிகளுக்குள் பேச்சு நின்றுபோகும், ஏரி வேலையும் நின்றுபோகும்.

எல்லையைச் சொல்லும் அதிகாரம் அரசு நில அளவருக்குத்தான். நீர்வளத்துறை ஏரிகளுக்கு 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் இருக்கிறது. அளந்து எல்லை குறித்து, அறிவிப்பு கொடுத்து, அதற்குப் பிறகுதான் அகற்ற முடியும். உங்கள் வரைபடத்தில் பட்டாதாரர் பெயர்களைப் போட வேண்டாம். புல எண்ணும் வகைப்பாடும் போதும். "இந்த எண்களுக்கு இடையே அளந்து கல் நடக் கோருகிறோம்" என்று எழுதுங்கள்.

9. மனுவும் வரைபடமும்

பெரிய வண்ணப் படத்தை விட ஒரு ஏ3 தாளே அலுவலகத்தில் அதிகம் உதவும். கோப்பில் மடித்து வைக்க முடிகிற படம்தான் அடுத்த மேசைக்குப் போகும். அதில் வடக்கு, அளவுகோல், புல எண்கள், அடைப்பு இருக்கும் இடங்களுக்கு 1, 2, 3 என்று எண். பின்னால் ஒரு பட்டியல்: இட எண், புல எண், உட்பிரிவு, வகைப்பாடு, என்ன பிரச்சினை, என்ன வேண்டும். போட்டோக்களுக்கும் அதே எண். "இது உத்தேச வரைபடம், எல்லைக்குச் சான்றல்ல" என்று ஓரத்தில் ஒரு வரி போட்டுவிடுங்கள். "கூகுள் படம் செல்லாது" என்ற பதிலை முன்கூட்டியே தடுக்க இது ஒன்றே வழி.

முதலில் கிராம சபையில் தீர்மானம் வாங்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம் என்பதால் ஏரிப் பேச்சுக்கு அதுவே பொருத்தமான நாள். தீர்மான நகலை இணைத்து சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்வு நாளில் கொடுக்கலாம். என் அபிப்பிராயத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்வுக் கூட்டம் இன்னும் நல்லது. வருவாய், நீர்வளம், வேளாண்மை அதிகாரிகள் ஒரே அறையில் இருப்பார்கள், யார் வேலை என்பது அங்கேயே முடிவாகும். எங்கே கொடுத்தாலும் மனு எண்ணை வாங்காமல் வெளியே வராதீர்கள். பிறகு நினைவூட்ட முதல்வரின் உதவி எண் 1100 இருக்கிறது.

10. காலக் கணக்கு

நமக்கு ஜூனிலிருந்தே தென்மேற்குப் பருவமழை கொஞ்சம் கிடைக்கும், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கு. மழை நின்றதும் ஜனவரியில் ஆவணங்களைக் கேட்கத் தொடங்குங்கள், தகவல் சட்டப் பதிலுக்கு ஒரு மாதம் ஓடிவிடும். பிப்ரவரியில் கணினி வேலையும் நடையும். மார்ச் 22க்குள் மட்ட அளவு கையில் இருக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் ஏரியும் கால்வாயும் காய்ந்திருக்கும்போது வேலை நடந்தால்தான் இயந்திரம் உள்ளே இறங்கும். செப்டம்பரில் தொடங்கிய மனுக்கள் அடுத்த வருடத்துக்குத்தான் போகும்.

வேலை முடிந்த பிறகு முதல் பெரிய மழையன்று போனோடு கால்வாயோரம் போய், தண்ணீர் எங்கே தேங்குகிறது, எங்கே கரை உடைத்து வெளியேறுகிறது என்று கியூஃபீல்டில் குறித்துவிடுங்கள். அடுத்த ஜனவரியில் கொடுக்கப்போகும் மனுவுக்கு அந்தப் புள்ளிகள்தான் அடிப்படை.